திரிந்த காட்சியும் நம்பப்படாத சான்றும்: உளவியற் பரபரப்புப் புதின வரலாற்றில் ஒரு பகுதி

மேலைநாட்டு இலக்கியத்தில் உளவியற் பரபரப்புப் புதினம் எனப் பெயர் பெற்று வழங்கும் கதைவகையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அதனைத் துப்பறியும் கதையின் ஒரு கிளை என்றே எண்ணினர். இரண்டிலும் குற்றம் உண்டு, மறைப்பு உண்டு, மறைந்தது வெளிப்படும் இறுதிக் கட்டமும் உண்டு. ஆதலின் அவ்வாறு எண்ணுதல் இயல்பே. ஆயினும் அடிப்படை வேற்றுமை ஒன்று நோக்கற்பாலது. துப்பறியும் கதையில் மறைந்து கிடப்பது பொருள். அதனைத் தேடும் கண் பழுதற்றது. உளவியற் பரபரப்புப் புதினத்திலோ கண்ணே பழுதுற்றது. கதையைச் சொல்பவர் குடியராகவோ, பித்தராகவோ, அச்சத்தால் நிலைகுலைந்தவராகவோ, தம் குற்றத்தைத் தமக்கே மறைத்துக்கொள்பவராகவோ இருப்பர். அவர் கண்டதன்றிப் பிறிதொன்றும் படிப்போர்க்குக் கிட்டாது.

பழுதுற்ற காட்சியை வகைப்படுத்தும் முயற்சி தமிழ்நூல் பயின்றார்க்குப் புதிதன்று. மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், அளவைவாதி பிரமாணங்களைக் கூறியபின் அவற்றின் போலிகள் எட்டனையும் எண்ணிக் காட்டுகின்றான். கிளிஞ்சிலை வெள்ளி எனக் கொள்வது திரியக்கோடல். தறியோ மகனோ எனத் துணியாது நிற்பது ஐயம். ஆராயாமலே தறியை மகன் என முடிவு செய்வது தேராது தெளிதல். புலி அண்மையில் வரக் கண்டும் இன்னதென உணராமை கண்டுணராமை. இச்சொற்களை ஈண்டுக் கருவியாக மட்டுமே யாம் எடுத்தாளுகின்றோம். மணிமேகலைக்கும் மேலைப் புதினத்திற்கும் உறவு கற்பிப்பது எம் கருத்தன்று. அளவைவாதியின் பட்டியலில் இடம்பெறாத ஒரு வினாவைப் புதினம் எழுப்பியது என்பதே எமக்கு வேண்டுவது. காட்சி திரிந்தது எவரால்? கண்டவர் தம் பிழையாலா, அன்றி, அவர் அவ்வாறே காணல் வேண்டும் என விரும்பிய பிறரொருவராலா? 1824 முதல் 2015 வரை வெளிவந்த சில நூல்களைக் கொண்டு இவ்வினாவின் வரலாற்றை ஆராய்வோம். நீதிமன்றமும் பித்தர் காப்பகமும் அவ்வரலாற்றில் இடைவிடாது குறுக்கிடுதல் காணலாம்.

ஸ்காத்லாந்து நாட்டு ஜேம்ஸ் ஹாக் என்பார் 1824இல் தம் பெயரின்றி வெளியிட்ட நூல், நீதிமானாகத் தன்னைக் கருதிய பாவி ஒருவனின் வாக்குமூலமாக அமைந்தது. இறைவனால் முன்னரே தேர்ந்துகொள்ளப்பட்டவர் எச்செயல் செய்யினும் மீட்பை இழவார் என்னும் கொள்கையை, அதன் எல்லை கடந்து நம்பியவன் ராபர்ட் ரிங்கிம். வேண்டிய உருவெல்லாம் கொள்ளவல்ல புதியவன் ஒருவன் அவனை அடுத்து நட்புப் பூண்டு, கொலைக்குத் தூண்டுகின்றான். அவன் சாத்தானா, ராபர்ட்டின் உள்ளமே ஈன்ற நிழலா என்பது தெளிவாவதில்லை. நூலின் நடுவே ஒரு பகுதி எம்மைப் பெரிதும் ஈர்த்தது. பல திங்கள் தன் நினைவில் இன்றிக் கழிந்தன என்பதையும், அக்காலத்தே தான் செய்தனவாகப் பெருங்குற்றங்கள் சாற்றப்படுகின்றன என்பதையும் ராபர்ட் அறிந்து திகைக்கின்றான். தன் செயலைப் பிறர் வாயிலாகக் கேட்டறியும் கதைமாந்தன் பின்னர் நூறு நூல்களில் வருவான். அவனுக்கு முன்னோன் இவன். ஹாக் இவ்வாக்குமூலத்திற்கு முன்னும் பின்னும் பதிப்பாசிரியர் ஒருவரின் உரையை வைத்தார். அறிவு நெறியினராகிய அப்பதிப்பாசிரியரும் தம் கையில் உள்ள ஏடு இன்னதென விளங்காது மயங்குகின்றார். பித்தன் கூற்றைத் தெளிந்தோன் கூற்றால் திருத்திக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையும் இவ்வாறு பறிக்கப்படுகின்றது. இந்நூல் நெடுங்காலம் போற்றுவாரின்றிக் கிடந்தது. 1947இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ழீது முன்னுரை வழங்கிய பதிப்பு வந்த பின்னரே அறிஞர் நோக்கம் இதன்பால் திரும்பியது.

1843ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு சனவரியில் எட்கர் ஆலன் போவின் ‘காட்டிக்கொடுத்த இதயம்’ என்னும் சிறுகதை பாஸ்டனில் ‘பயனியர்’ இதழில் வெளிவந்தது. முதியவர் ஒருவரைக் கொன்றவன் தான் பித்தனல்லன் என வாதிடுகின்றான். எத்துணை நிதானமாகத் திட்டமிட்டேன், எத்துணை மெல்லக் கதவைத் திறந்தேன் என்பனவே அவன் காட்டும் சான்றுகள். அறிவின் அடையாளமாக அவன் காட்டுவனவெல்லாம் பித்தின் அடையாளமாகப் படிப்போர்க்குத் தோன்றுகின்றன. அதே சனவரித் திங்களில் இலண்டன் நகரில் டேனியல் மெக்நாட்டன் என்பவன் எட்வர்டு டிரம்மண்டு என்பாரைச் சுட்டான். டிரம்மண்டு தலைமை அமைச்சர் ராபர்ட் பீலின் தனிச் செயலர். பீல் எனக் கருதியே மெக்நாட்டன் அவரைச் சுட்டான் என்பர். ஆளுங்கட்சியினர் தன்னைப் பின்தொடர்ந்து துன்புறுத்துகின்றனர் என்பது அவன் உள்ளத்தே வேரூன்றிய மயக்கம். மனநிலை திரிந்தவன் என்பது பற்றி நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் எனத் தீர்த்தது. நாடெங்கும் எழுந்த சினத்தின் விளைவாகப் பிரபுக்கள் அவை நீதிபதிகளை வினவ, அவர்தம் விடைகள் மெக்நாட்டன் விதிகள் எனப் பெயர் பெற்றன.

போவின் கதை சட்ட வழக்கினின்று பிறந்ததன்று. இரண்டும் ஒரே திங்களின என்பதே அதனை விளக்கும். ஆயினும், செயலின் இயல்பை அறிந்தானா, அது தவறென அறிந்தானா என நீதிபதிகள் வகுத்த அளவுகோலைப் போவின் கதைமாந்தன்மேல் வைத்துப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். அவன் செயலின் இயல்பை நன்கு அறிவான். மறைக்க வேண்டியது என்றும் அறிவான். எனினும் பலகைக்கு அடியில் செத்தவன் நெஞ்சு துடிப்பதைக் கேட்கின்றான். சட்டத்தின் அளவுகோலுக்குள் அடங்காத மயக்கத்தை இலக்கியம் அன்றே காட்டிவிட்டது. அவ்விதிகளின் வழியில் அமைந்ததே 1860இல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22ஆம் பிரிவாக நிற்கின்றது.

இதுகாறும் காட்டிய இரு நூல்களிலும் திரிந்த காட்சி குற்றவாளியின் காட்சியே. படிப்போர் செய்ய வேண்டுவது அவனை நம்பாதிருத்தல். இந்நிலை வில்கி காலின்ஸ் கையில் தலைகீழாயிற்று.

1858 சூன் திங்களில் நிகழ்ந்தது ஒன்று. புதின ஆசிரியரும் அந்நாளைய குடியேற்ற நாட்டு அமைச்சருமாகிய எட்வர்டு புல்வர் லிட்டன் ஹெர்ட்ஃபோர்டில் தேர்தல் மேடையில் நின்றபோது, அவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவி ரோசினா ஆங்குத் தோன்றி, கூடியிருந்த மக்கள் முன் அவரைப் பழித்துரைத்தார். சில நாள்களில் அவ்வம்மையார் பித்தர் காப்பகம் ஒன்றில் அடைக்கப்பட்டார். உறவினர் ஒருவரின் ஆணையும் மருத்துவர் இருவரின் சான்றிதழும் அதற்குப் போதுமானவை. செய்தித்தாள்கள் குரல் எழுப்பவே, ஏறக்குறைய மூன்று வாரத்தில் விடுவிக்கப்பட்டார். அறிவு தெளிந்தோரையும் பித்தர் எனப் பூட்டிவைக்கும் வழக்கம் பற்றிய அச்சம் அவ்வாண்டு பரவியது. 1859இல் பாராளுமன்றக் குழு ஒன்றும் இதனை ஆராய அமர்ந்தது.

காலின்ஸின் ‘வெள்ளுடைப் பெண்’ 1859 நவம்பரில் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடங்கி 1860 ஆகஸ்டில் முடிந்தது. ரோசினாவின் வழக்கையே காலின்ஸ் கதையாக்கினார் எனத் துணிதல் பொருந்தாது. பாரிஸ் நகரில் அவர் வாங்கிய மெழான் என்பாரின் பழைய வழக்குத் தொகுப்பில் தூஓ சீமாட்டியின் வரலாறு உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சீமாட்டி மயக்கமருந்து ஊட்டப்பெற்று, வேற்றுப் பெயரில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அவர் செத்தார் என உறவினர் சொத்தைக் கைக்கொண்டனர். கதையின் கரு அதுவே என்பர். ஆயினும் வித்து எதுவாயினும் நிலம் 1858ஆம் ஆண்டின் இங்கிலாந்தே. லாரா என்னும் பெண், தன்னை ஒத்த தோற்றமுடைய ஆன் என்பவள் பெயரில் காப்பகத்தில் அடைக்கப்படுகின்றாள். ஆன் இறக்க, லாராவின் பெயர் கல்லறையில் பொறிக்கப்படுகின்றது. தப்பி வந்தவள் தான் லாரா என்கிறாள். தாய்மாமன் முறையினர் அல்லாத, தந்தையுடன் பிறந்த சிறியதந்தையே அவளை அறியேன் என மறுக்கின்றார். காப்பகத்தில் பட்ட துன்பத்தால் அவள் நினைவும் தளர்ந்துவிட்டது. ஆக, உண்மை கூறும் சான்றினர் உண்மையிலேயே நம்பத்தகாதவர் போல் ஆக்கப்பட்டுவிட்டார். வில்லன் செய்த பெருங்குற்றம் சொத்தைக் கவர்ந்தது அன்று. சொல்லின் மதிப்பைக் கவர்ந்தது என்பது எம் கருத்து.

காலின்ஸ் இக்கதையைப் பலர் வாயிலாகச் சொன்னார். வழக்கில் சான்றினர் ஒவ்வொருவராகக் கூண்டேறுதல் போலவே இங்கும் என நூலின் தொடக்கத்தே அறிவித்துவிடுகின்றார். அச்சான்றுகளுள் மரியன் என்னும் பெண்ணின் நாட்குறிப்பு ஒன்று. அவள் மழையில் நனைந்து, வஞ்சகர் உரையாடலை ஒட்டுக்கேட்டு, காய்ச்சலோடு எழுதுகின்றாள். எழுத்துச் சிதறி நின்றுவிடுகின்றது. அடுத்த பக்கத்தில் வேறொரு கை தொடர்கின்றது. அவள் எவனை அஞ்சினாளோ அந்த ஃபாஸ்கோ பிரபு நாட்குறிப்பை முழுதும் படித்து, அவள் மதிநுட்பத்தைப் பாராட்டி, கையொப்பமும் இடுகின்றான். இதுகாறும் அவள் தோளின் பின்னிருந்து படித்தவர் நாமே என எண்ணியிருந்தோம். நம் தோளின் பின் அவனும் நின்றான் என்பது அப்போதுதான் தெரிகின்றது. இவ்வகைக் கதைகளில் இதனினும் கொடிய பக்கத்தை யாம் கண்டிலம்; ஒரு துளிக் குருதியும் அதில் இல்லை.

லாராவின் வழக்கு இறுதியில் ஒரு நாட்கணக்கால் வெல்கின்றது. அவள் இறந்ததாகப் பதிவான நாளுக்குப் பின்னரே அவள் இலண்டனுக்குப் பயணம் செய்தாள் என்பது அச்சான்று. நூல் வெளிவந்ததும் ‘டைம்ஸ்’ இதழின் மதிப்புரையாளர் காலின்ஸின் நாட்கணக்கே பிழைபட்டது எனச் சுட்டினார். பின்வந்த பதிப்பில் ஆசிரியர் திருத்தினார். மாந்தர் நினைவை நம்பாது நாளையே நம்பிய நூலில் நாளும் பொய்த்தது நகைப்பிற்கு உரியதே.

அவருடைய ‘சந்திரகாந்தக் கல்’ 1868இல் வெளிவந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலப் படைத்தலைவன் ஒருவன் கொலைசெய்து கவர்ந்த வைரமே கதைப்பொருள். ஃபிராங்க்ளின் பிளேக் அவ்வைரம் களவுபோனதை ஆராய்கின்றான். வண்ணக்கறை படிந்த இரவாடை கிடைக்கின்றது. அதில் உள்ள பெயர் அவனுடையதே. மருத்துவர் ஒருவர் விளையாட்டாக அவனறியாமல் அபினி ஊட்டிய இரவில் அவனே வைரத்தை எடுத்திருக்கின்றான். ஆராய்வோனும் கள்வனும் ஒருவனே; ஆயினும் அவன் பொய்யன் அல்லன். கண்டுணராமை என்னும் சொல் இவனுக்கு முற்றும் பொருந்தும். வைரத்தை எடுத்துச் சென்றதைத் தன் கண்ணால் கண்ட காதலி வாய்திறவாது துன்புறுகின்றாள். அவள் காட்சி மெய், அதினின்று அவள் கொண்ட முடிபு பொய். ஒரே நிகழ்ச்சியில் இருவகைப் பிழையையும் காலின்ஸ் பொருத்திய திறம் வியக்கத்தக்கது. கீல்வாத நோய்க்கு அபினிச் சாறு அருந்தி வந்தவர் அவர். மருந்தின் மயக்கம் அவருக்கு நூலறிவு மட்டும் அன்று.

மருத்துவமே காட்சியைத் திரிக்கும் நிலையை இன்னும் கூர்மையாகக் காட்டியவர் அமெரிக்க அம்மையார் ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன். 1892இல் வெளிவந்த ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்னும் கதையில், மகப்பேற்றுக்குப்பின் உளம் சோர்ந்த பெண்ணை மருத்துவனாகிய கணவன் மாடியறையில் ஓய்ந்திருக்கச் செய்கின்றான்; எழுதவும் தடை. சுவர்த்தாளின் கோலத்துள் ஒரு பெண் சிறைப்பட்டு ஊர்ந்து திரிவதை அவள் காண்கின்றாள். இது திரியக்கோடல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வீட்டில் சிறைப்பட்ட பெண் ஒருத்தி உண்டு என்பதும் மெய். கில்மன் 1887இல் வியர் மிட்செல் என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் இவ்வோய்வுச் சிகிச்சையைப் பெற்று, அறிவழியும் எல்லைவரை சென்றதைப் பிற்பாடு 1913இல் தாமே எழுதினார்.

ஹென்றி ஜேம்ஸின் ‘திருகாணியின் முறுக்கு’ (1898) பற்றி எழுதப்பட்டவை மிகுதி. ஆசிரியைப் பணிப்பெண் கண்ட ஆவிகள் மெய்யா, அவள் உள்ளத்தின் தோற்றமா? அவை அவள் உளநோயின் விளைவு என எட்மண்டு வில்சன் 1934இல் வாதிட்டார், மறுத்தவர் பலர். இவ்வழக்கு தீராதது, தீரவேண்டுவதும் இல்லை. சிறுவன் மைல்ஸ் அவள் கைகளிலேயே இறந்துபோகின்றான் என்பதை இரு கட்சியாரும் விரைந்து கடந்துவிடுகின்றனர் என்பதே எம் குறை. ஐயம் என்னும் நிலை படிப்போர்க்கு இன்பம். அச்சிறுவனுக்கு அது உயிர்.

அகதா கிறிஸ்தி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்டு கொலைக்கதை இவ்வரிசையில் தனியே நிற்பது. அதில் கூறுநராகிய மருத்துவர் பொய் ஒன்றும் சொல்வதில்லை. சில நிமிடங்களைச் சொல்லாது விடுகின்றார். கண்டவர் மயங்கவில்லை, படித்தவர் தேராது தெளிந்தனர்.

சான்றினர் பலர் என்னும் காலின்ஸின் அமைப்பை ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் வேறு முடிவுக்குக் கொண்டுசென்றார். ஒரு சாவு பற்றிய வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டே நின்றுவிடுகின்றன. இறந்தவன் ஆவியின் சொல்லும் வழக்கை முடிக்கவில்லை. அதனைத் தழுவி அகிரா குரோசாவா 1950இல் எடுத்த ‘ராஷோமான்’ தந்த ஊக்கமே 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பிறக்கக் காரணம். பாடல்களே இல்லாத அப்படம் 1943இல் ஜப்பானியர் சென்னைமேல் குண்டு வீசிய நாள்களை ஒட்டி அமைந்தது. அயலார், உடன்பிறந்தார், மனைவி எனப் பலர் பலவாறு கூறினும் இறுதியில் உண்மை ஒன்றே எனக் காவல்துறையினர் காண்கின்றனர். ஜப்பானியக் கதை விட்டுவைத்த ஐயத்தைத் தமிழ்ப் படம் தீர்த்துவைத்தது. இதனைக் குறை என்பாரும் உளர். நாட்டுப்பற்றுக்கும் இல்லறத்துக்கும் இடையே நின்ற ஒரு பெண்ணின் முடிவே அப்படத்தின் உயிர் ஆதலின், உண்மை வெளிப்பட்டாக வேண்டும் என்பது எம் துணிபு.

இனி 1938. அவ்வாண்டு டிசம்பரில் பாட்ரிக் ஹாமில்டனின் ‘காஸ் லைட்’ நாடகம் இங்கிலாந்தில் அரங்கேறியது. கணவன் மனைவியின் பொருள்களை ஒளித்துவைத்து, நீயே தொலைத்தாய், உன் அறிவு திரிகின்றது என நாள்தோறும் கூறி நம்பவைக்கின்றான். இரவில் வெளியே செல்வதாகக் கூறி, முன்பொருகால் தான் கொன்ற மூதாட்டியின் மணிக்கற்களை அதே வீட்டின் மேல்மாடியில் தேடுகின்றான். மாடியில் விளக்கை ஏற்றுங்கால் குழாயில் வாயுவின் அழுத்தம் பகிரப்பட்டுக் கீழறை விளக்கு மங்குகின்றது. அம்மங்கலை அவள் காண்கின்றாள், எவரிடம் சொல்வாள்? விளக்கு மங்கியது மெய் என ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் வந்து உறுதி கூறும்வரை தன் கண்ணையே அவள் நம்பிலள். இங்கு வீட்டின் குழாயே சான்று கூறியது. 1944இல் வந்த அமெரிக்கத் திரைப்படம் இக்கதையை உலகறியச் செய்தது. நாடகத்தின் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று. மெரியம்–வெப்ஸ்டர் அகராதியார் 2022ஆம் ஆண்டின் சொல்லாக ‘காஸ்லைட்டிங்’ என்பதனைத் தேர்ந்தனர். இலக்கியம் வழக்குமொழிக்கு அளித்த சொற்களுள் இத்துணைத் துன்பம் செறிந்தது அரிது.

திறனாய்வாளர் இப்பொருளுக்குப் பெயரிட்டது காலந்தாழ்ந்தே. வேயின் பூத் என்பார் 1961இல் வெளியிட்ட ‘புனைகதையின் அணியியல்’ என்னும் நூலே நம்பத்தகாத கூறுநர் என்னும் குறியீட்டை நிலைநிறுத்தியது. நூலின் உள்ளீடாக நிற்கும் ஆசிரியரின் மதிப்பீடுகளோடு மாறுபடுபவர் நம்பத்தகாதவர் என்பது அவர் வரையறை. ஜேம்ஸ் ஃபேலன் 2005இல் இதனை விரித்து, நிகழ்ச்சி, அறிவு, அறம் என்னும் மூன்று தளத்திலும் கூறுநர் தவறலாம் என வகுத்தார். இப்பகுப்புகள் பயனுடையன, ஆயினும் இவை தவறினார் எவர் என வினவுகின்றனவேயன்றித் தவறச் செய்தார் எவர் என முதன்மையாக வினவவில்லை. லாராவும் பிளேக்கும் ஹாமில்டனின் நாயகியும் இவ்வலையில் சரியே அகப்படாமைக்குக் காரணம் இதுவே.

அண்மைக் காலத்தே பெரும்புகழ் பெற்ற இரு புதினங்களை இந்நோக்கில் அருகருகே வைத்தல் தகும். கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’ 2012இல் வந்தது. அதில் ஏமி என்பாள் கணவன்மேல் கொலைப்பழி சுமத்தவேண்டிப் பல ஆண்டுகால நாட்குறிப்பு ஒன்றைப் பொய்யாகப் புனைந்து வைக்கின்றாள். அஞ்சி வாழும் மனைவியின் குரலை நம்ப வேண்டும் எனக் காலின்ஸ் காலமுதல் கற்றுவந்த படிப்போரின் இரக்கத்தையே அவள் கருவியாக்கிக்கொண்டாள். மரியனின் நாட்குறிப்பை ஃபாஸ்கோ கவர்ந்தான். ஏமியிடம் மரியனின் எழுதுகோலும் ஃபாஸ்கோவின் உள்ளமும் ஒருங்கே உள்ளன.

பவுலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி டிரெயின்’ 2015இல் வந்தது. ரேச்சல் குடிப்பழக்கத்தால் மணவாழ்வையும் வேலையையும் இழந்தவள். நாள்தோறும் இரயிலில் சென்று, வழியில் உள்ள வீடொன்றின் மாந்தர்க்குத் தானே பெயரும் வாழ்வும் கற்பிக்கின்றாள். அவ்வீட்டுப் பெண் காணாமற்போன இரவில் ரேச்சலும் ஆங்கிருந்தாள். என்ன கண்டாள் என்பது நினைவில் இல்லை. ஹாக்கின் ராபர்ட்டைப் போலவே, தன் கடந்தகாலச் செயல்களை அவள் பிறர் வாயிலாகவே அறிந்திருக்கின்றாள். குடித்த இரவுகளில் வெறிகொண்டு தாக்கினாய் என முன்னாள் கணவன் டாம் கூறியவற்றையெல்லாம் தன் குற்றமாகச் சுமக்கின்றாள். அவை பல அவன் புனைந்தவை என்பது மெல்ல வெளிப்படுகின்றது. அவள் குடித்தது மெய். நினைவு இழந்தது மெய். அவ்விழந்த இடத்தில் அவன் தன் பொய்யை நட்டதும் மெய். இருவகை மயக்கமும் ஒருத்தியிடமே கூடியமையால், காவல்துறையினர் அவளைப் புறக்கணித்ததும் காரணமின்றியன்று. பழுதற்ற சான்றினரை நம்புதல் எளிது. பழுதுற்றவர் உண்மையைக் கூறுங்கால் கேட்போர் என் செய்வது என்பதே இப்புதினம் முன்வைக்கும் இடர்.

இதன் முடிவுப் பகுதி மேலோட்டமாகப் படிப்போரால் பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. கொலைகாரன் டாமே எனத் தெளிந்தபின் அவன் ரேச்சலைத் தாக்க, அவள் புட்டியின் தக்கை திறக்கும் திருகாணியால் அவன் கழுத்தில் குத்துகின்றாள். அவன் பின்னைய மனைவி அன்னா ஓடிவந்து, அத்திருகாணியை மேலும் உள்ளே முறுக்குகின்றாள். பின்னர்க் காவல்துறையினர் வினவியபோது, தற்காப்புக்காகவே நிகழ்ந்தது என இருவரும் தம் கூற்றுகளை ஒருவர்க்கொருவர் துணையாகப் பொருத்தி உரைக்கின்றனர். அது நம்பப்படுகின்றது.